பத்தை முப்பதாக்கிய நாள்

மார்ச் 4, செவ்வாய்

காலை ஒன்பதே காலிலிருந்து பன்னிரண்டு முறை எங்கள் முடுக்கியில் எலக்ட்ரான் கற்றை தானாக நின்றது. ஒவ்வொரு முறையும், கற்றையை வளைத்து எக்ஸ்ரே ஒளி எழுப்பும் காந்த வரிசைகளில் ஏழாவதன் கசிவு மானிதான் அலறியது. எலக்ட்ரான்கள் பாதை விலகிக் காந்தத்தில் மோதுகின்றனவாம். பக்கத்து மானிகளெல்லாம் அமைதியாக இருக்க, இது மட்டும் ஏன்? பழைய மானி, பொய் சொல்கிறது என்று முடிவு கட்டினேன். வெளியிலிருந்து வந்திருக்கும் புரதப் படிகக் குழுவுக்கு எக்ஸ்ரே ஒளி கிடைப்பது ஐந்தே நாள். இரண்டு வருடம் வளர்த்த படிகங்களோடு அந்த ஆராய்ச்சியாளர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அந்த மானியின் எச்சரிக்கை எல்லையைப் பத்திலிருந்து முப்பதுக்கு உயர்த்திவிட்டுக் கிளம்பினேன்.

பதிவேட்டில் காரணம் எழுதவில்லை. நாளை எழுத வேண்டும்.

மார்ச் 8, சனி

படிகக் குழு ஊருக்குக் கிளம்பியது. ஆராய்ச்சியாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மனம் குளிர்ந்துதான் போனது.

மார்ச் 11, செவ்வாய்

பராமரிப்பு நாள். இரண்டு நாளாக எக்ஸ்ரே ஒளி மங்கிக்கொண்டே வந்ததால் கற்றை ஓடும் சுரங்கத்துக்குள் போய் அளந்தார்கள். ஏழாவது வரிசையின் காந்தங்கள் வலுவிழந்திருக்கின்றன. கதிர்வீச்சில் அடிபட்ட காந்தம் தானாகத் தேறாது.

மானி பொய் சொல்லவில்லை. நான்தான் அதன் வாயை அடைத்திருக்கிறேன்.

காந்தப் பிரிவின் தலைவி — பிடித்தால் விடமாட்டார் என்பதால் எங்களுக்குள் ‘காந்தம்மா’ — யார் எல்லையை மாற்றியது என்று கேட்டார். கட்டுப்பாட்டு அறையில் எங்கள் எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல். மாற்றிய நேரமோ ஷிஃப்ட் மாறும் நேரம். எனக்கு அடுத்து வந்தவர் மீசைக்காரர். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம், இன்னும் நிரந்தரமாகவில்லை.

நான் வாயே திறக்கவில்லை.

மார்ச் 12, புதன்

மீசைக்காரரைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் விசாரித்தார்கள். திரும்பி வந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அப்படியே மூடி வைத்தார்.

என்ன பிறவி நான்? பக்கத்து நாற்காலியில உக்காந்து பாத்துட்டே இருந்தேனே.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். பல் கட்டும் கூடத்திலிருந்து வந்து, நகத்திலிருந்த சுண்ணப் பொடியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். திட்டவில்லை. “பல்லு ஒரு இழை உயரமா அமைஞ்சுட்டா, அன்னைக்கே கூப்ட்டு ராவிடணும். நாள் போனா தாடை அதுக்கேத்த மாதிரி கோணிப் பழகிடும்” என்றார். பிறகு இரண்டு தட்டு எடுத்து வைத்தார்.

மார்ச் 13, வியாழன்

எட்டு மணிக்கெல்லாம் காந்தம்மாவின் அறை வாசலில் நின்றேன். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஒன்றுவிடாமல் சொன்னேன். ஏன் செய்தாய் என்று கேட்பார் என நினைத்தேன்.

“எத்தனை மணிக்கு அலற ஆரம்பிச்சது?”

ஒன்பதே கால், அந்தக் குழுவுக்காகக் கற்றையின் ஆற்றலை மாற்றிய கையோடு என்றேன். பழத்தை வைத்துவிட்டு போனை எடுத்தார். மதியத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஏழாவது வரிசைக்கு முன்னால், கற்றை எங்கே போகிறது என்று காட்டும் மானி தன் தாங்கியில் சற்று நகர்ந்திருந்தது. ஆற்றலை மாற்றும்போதெல்லாம் அதைப் பார்த்துத்தான் கற்றையை நடுவுக்குக் கொண்டுவருவோம். கற்றை ஓரமாக உரசிக்கொண்டு போனபோதும் அது ‘நடுவில்’ என்றே காட்டியிருக்கிறது.

“ரெண்டு நாளா வேற பக்கம் தேடிட்டிருந்தோம். புதுக் காந்தத்தையும் வெச்சு இதே மாதிரி சுட்டிருப்போம்” என்றார். “தப்பு தப்புதான், எழுதிக் குடு. ஆனா வந்து சொன்னியே, அதுக்கு நன்றி.”

எனக்கு நன்றி!

மார்ச் 14, வெள்ளி

மீசைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டேன். எப்படியோ சொன்னேன்.

“தெரியும்ங்க. நீங்க மாத்தும்போது நான் உங்க பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன்.”

அப்படியானால் விசாரணையில் ஏன் சொல்லவில்லை?

“நான் சொன்னா அது கோள். நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்.”

கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன். அந்த இரண்டு நாளும் இவர் தன் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்? நான் கேட்கவில்லை, கேட்கும் யோக்கியதையும் எனக்கு இல்லை.

மார்ச் 28, வெள்ளி

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆறு மாதம் தனியாக ஷிஃப்ட் பார்க்கக் கூடாது. மீசைக்காரர் தானாகக் கேட்டு என்னோடு சேர்ந்துகொண்டார். இதைத் தண்டனை என்று எந்த வாயால் சொல்வேன்?

ஏப்ரல் 16, புதன்

புதுக் காந்த வரிசை பொருத்தியாயிற்று. ஆளுக்கொரு கடவுச்சொல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். ஒப்புக்கொண்டார்கள்.

மே 6, செவ்வாய்

வேறொரு குழு. பதினொன்று இருபதுக்கு மூன்றாவது வரிசையின் மானி அலறியது. கற்றை நின்றது. நான் எதையும் மாற்றவில்லை. எழுந்துபோய்க் கதவைத் திறந்து, ஒளி வர நேரமாகும், எவ்வளவு என்று தெரியாது என்று அவர்களிடம் சொன்னேன். அவர்களில் மூத்தவர் முகம் சுருங்கியது. “சரி, காத்திருக்கோம்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

காரணம் தெரிய நாற்பது நிமிடம் ஆனது. பதிவேட்டில் மூன்று வரி எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன்.