மேலே நிற்கிற வேலை

செவ்வாய், இரவு.

நாளை ஃபர்ஸ்ட் ஷிப்ட்டில் என் மகள் செல்வி வேலைக்குச் சேர வேண்டும். பூமிச் சூட்டை எடுக்கத் தோண்டும் ஆழ்துளைக் கிணற்றில் கேமராவை இறக்கி, பாறையில் எங்கே வெடிப்பு என்று பார்க்கிற வேலை. வெடிப்பு வழியாகத்தான் சுடுதண்ணீர் வருமாம்.

பூரிக்கட்டையில் பேப்பரைச் சுற்றி, அதன்மேல் பேனாவால் சாய்வாக ஒரு வளையம் வரைந்து, பேப்பரைப் பிரித்துக் காட்டினாள். கோடு அலைபோல வளைந்திருந்தது.

"வெடிப்பு படத்துல இப்டிதாம்மா தெரியும். கெணத்துல நானா குதிக்கப் போறேன்? மேலதான் நின்னுகினு இருப்பேன்."

"போர் போடுற வண்டியில கம்பி அறுந்தப்ப உங்கப்பாவும் மேலதாண்டி நின்னுகினு இருந்தாரு."

அதோடு போய்ப் படுத்துவிட்டாள். அவர் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அவளைப் போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. போ என்றும் வரவில்லை.

எழுந்துபோய்ப் புளி ஊற வைத்தேன், காலையில் அவளுக்குச் சோறு கட்ட. கட்டிக் கொடுப்பேனா, தெரியவில்லை.