உதட்டை அசைத்த ஆடு

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தப் பண்ணையில் ஒரு செம்மறி ஆடு, நான் முதுகைச் சொறிந்துவிட்டால் உதட்டை அசைக்கும். என்னைக் கண்டுதான் சிரிக்கிறது என்று நினைத்திருந்தேன். நான் நலம். உங்கள் முட்டி வலி தேவலையா?

அந்த ஆடு வேலியில் உரசி உரசி ரோமம் கொட்டிப்போனதால், நேற்று முதலாளியம்மா கால்நடை டாக்டரை வரவழைத்தார். டாக்டர் முதுகைச் சொறிந்ததும் அவரிடமும் உதட்டை அசைத்தது.

"என்னம்மா, உன் சிநேகிதி எல்லார்கிட்டயும் பல்லைக் காட்டுறா!" என்றவர், அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. அது மூளை நோயின் அடையாளமாம். கிருமிகூட இல்லையாம், தப்பாக மடிந்த ஒரு புரதம், பக்கத்தில் இருக்கும் நல்லதையும் தன்னைப் போலவே மடித்துவிடுமாம். மருந்து கிடையாது. மந்தைக்குப் பரவுமுன் ஊசி போட்டு முடித்துவிட வேண்டும் என்றார். மனிதருக்குத் தொற்றியதாகத் தெரியவில்லையாம், பயப்படாதீர்கள்.

உங்கள் பழைய போர்வையை அனுப்புங்கள். இங்கே கொடுத்தது குத்துகிறது.

தீவனம் வைக்கக் கூப்பிடுகிறார்கள். இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். "யார் பிடிச்சுக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டார். எனக்கு வாயே கிடையாது என்பீர்களே, "நான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். அதன் தலையை மடியில் வைத்து, ஊசி போட்டு முடியும்வரை முதுகைச் சொறிந்துகொண்டே இருந்தேன்.

உங்கள் சின்னவள்