பத்தியத்தில் சேராத மாத்திரை

மார்ச் 12
மகனுக்கு இன்று தீட்டுக் கழித்தோம். மாமி எனக்குப் போட்ட பத்தியம் மட்டும் கழியவில்லை. கத்தரிக்காய் கூடாது, அன்னாசி கூடாது, பச்சைத் தண்ணீர் கூடவே கூடாது. "நீ திங்கிறதுதான் புள்ளைக்குப் பாலா போவுது" என்று பூண்டுக் குழம்பை ஊற்றுகிறார்.

கத்தரிக்காயே ஆகாதென்றால் என் மனச்சோர்வு மாத்திரை? பிள்ளை வயிற்றில் இருந்தபோது டொக்டர் நிறுத்தச் சொல்லவில்லைதான். ஆனால் இப்போது அவன் வாய்க்கே போகிறதே!

மார்ச் 13
நிறுத்திவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 25
பிள்ளை தூங்கும்போதும் எனக்குத் தூக்கமில்லை. அவன் அழுதால் பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுவதுபோல் இருக்கிறது. என்ன தாய் நான்? "ஏன் பேசவே மாட்டேங்குற?" என்று இவர் கேட்டார். என்னத்த பேச —

மார்ச் 29
மிட்வைஃப் ஜெயந்தினி மிஸ் தோட்டத்து லயத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். பிள்ளையை நிறுப்பதற்கு முன் என் முகத்தைப் பார்த்தார்.

"மாத்திர ஒழுங்கா போடுறீங்களா?"

நிறுத்திவிட்டதைச் சொல்லி அழுதுவிட்டேன். மாமி பதறிப்போனார். "நான் காய்கறியத்தானே சொன்னேன்! மருந்த நிப்பாட்ட சொன்னேனா?" அவரும் அழுதார்.

மார்ச் 30
ஆஸ்பத்திரி. டொக்டர் திட்டவில்லை. நான் போடும் இந்த மருந்து பாலில் கொஞ்சமே கொஞ்சம்தான் சேருமாம்; பால் கொடுக்கலாமாம். பிள்ளை அளவுக்கு மீறித் தூங்கினாலோ, பால் குடிக்காவிட்டாலோ உடனே கொண்டுவர வேண்டும். "ஒங்களுக்கு சொகமில்லாம போனா புள்ளைக்கும் கஷ்டம். நீங்களா நிப்பாட்டாதீங்க, எங்கள கேளுங்க."

குறைந்த அளவில் மறுபடி தொடங்கியிருக்கிறேன். பயம் போய்விட்டதா? முழுதாக இல்லை.

ஏப்ரல் 21
சிரித்தான்! என்னைப் பார்த்துத்தான். கண் இரண்டும் சுருங்கி, வாய் கோணி... என் தங்கமே. மாமி "எனக்கும் சிரிடா" என்று அரை மணி நேரம் கெஞ்சினார். மாட்டேன் என்றுவிட்டான்.

ஜூன் 9
மறுபடி தேயிலை மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக ஆரம்பித்தாயிற்று. பத்து மணிக்குக் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு, பால் கொடுக்க, வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடினேன். மேல் லயத்து வினோதா தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தபடி இருந்தாள்.

"ஒன்னுமே புடிக்கலக்கா. இவள பாத்தாக்கூட..." என்றாள்.

சுற்றிலும் நான்கைந்து தாய்மார், காதைத் தீட்டிக்கொண்டு. கேட்டால் கேட்கட்டும்.

"நான் மாத்திர போடுறேன் வினோதா. போட்டுக்கிட்டேதான் இவனுக்குப் பால் குடுக்குறேன். வியாழக்கெழம டொக்டர்கிட்ட போவோம், நானும் வாறேன்."

என் மகன் மடியில் மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தான். வினோதா சுவரை விட்டு அவனைப் பார்த்தாள்.