தம்பலகாமம் ஓர் அங்குலம் உயரம்

திருகோணமலை
02.05.2025

அன்பு மச்சான் முனீப்,

சுகமா? பரீதாவும் மகன் அஸாமும் சுகம்தானே? நம் கூட்டத்தின் அழைப்பைத் தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று முதல் வருடமே சட்டம் போட்டவன் நீ. வட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிவிட்டாய், நான் போன் அடித்தாலும் பதில் இல்லை. ஆகவே உன் சட்டப்படியே எழுதுகிறேன்.

மாதிரி ரயில் கூட்டம் இந்த முறை ஆகஸ்ட் 16, 17. அதே துறைமுகத்தடி மண்டபம். குறைகளைத் திருத்த நிறைய யோசித்திருக்கிறோம். ஏழு பேரும் ஆளுக்கொரு ஸ்டேசனை மேசையில் கட்டிக்கொண்டு வந்து வரிசையாகப் பூட்டுகிறோமே, எது எந்த ஊர் என்று பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை. இந்த முறை பெயர்ப்பலகை உண்டு. கல்ஓயாவிலிருந்து என் திருகோணமலை மேசை வரைக்கும் ரயில் நேர அட்டவணைப்படி ஓடும், பூரணி ரீச்சர் மணி அடிப்பா. சின்னவர்கள் ஏறிநின்று பார்க்க வாங்குப் பலகை போடுகிறோம்.

உன் தம்பலகாமம் இல்லாவிட்டால் கந்தளாய்க்கும் சீனக்குடாவுக்கும் நடுவில் ரயில் தரையில் விழ வேண்டியதுதான். போன வருடத்தை மனதில் வைக்காதே. வா.

அன்புடன்,
இராகுலன்


கிண்ணியா
09.05.2025

அன்புள்ள இராகுலன்,

கடிதம் கிடைத்தது. பரீதாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "இந்த வயசிலயும் வாப்பாமாருக்கு ரயில் விளையாட்டா?" என்று சிரித்தா.

நான் கோபித்துக்கொண்டு விலகவில்லை, மச்சான். வெட்கத்தில் விலகினேன். மேசை நாற்பது அங்குல உயரம் என்பது நம் பேச்சு. போன வருடம் எல்லோரும் புதுக் கால் போட்டோம். உங்கள் ஆறு மேசையும் அழகாகப் பூட்டிக்கொண்டன. வாழ்நாளெல்லாம் ஓடாவி வேலை செய்து மரத்தோடு கிடந்தவனின் மேசை மட்டும் ஓர் அங்குலம் தூக்கிக்கொண்டு நின்றது. அத்தனை பேர் பார்த்திருக்க நாலு காலையும் நானே அரிந்தேன். "ஓடாவியாருக்குக் கண்ணாடி மாத்தோணும்" என்று யாரோ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. பகிடிதான், தெரியும்.

கண் டொக்டரிடம் போனேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்கிறார். அப்படியென்றால் குறை தலையில்தானே? என் வாப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் அளவு பிழைத்தது, கடைசியில் எங்கள் பெயரே மறந்து போனது. இந்தப் பயத்தை வீட்டில் சொல்லவில்லை. இப்போது ஒரு பலகையை மூன்று தரம் அளக்கிறேன், பிறகும் அரியக் கை வருவதில்லை. புது வேலை எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

கூட்டத்துக்கு வருவேன், தேத்தண்ணி ஊற்ற. மேசை கொண்டு வரமாட்டேன். ஒரு திருத்தம் மட்டும் சொல்கிறேன்: முந்திய நாளே எல்லா மேசையையும் பூட்டிப் பாருங்கள். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக்கூடாது.

உன் மச்சான்,
முனீப்


திருகோணமலை
17.05.2025

அன்பு மச்சான்,

முந்திய நாள் பூட்டிப் பார்க்கும் யோசனை நல்லது. எழுதி வைத்திருக்கிறேன்.

மற்ற விசயத்தை நினைத்து மனதைப் போட்டு உடைக்காதே. அறுபது தாண்டினால் எல்லோருக்கும் வருவதுதான். போன கிழமை நான் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடினேன். நாற்பது வருடம் உளி பிடித்த கை ஓய்வு கேட்கிறது, கொடு. அஸாம்தான் தலையெடுத்துவிட்டானே. மண்டப வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, இத்தோடு நிறுத்துகிறேன்.

அன்புடன்,
இராகுலன்


கிண்ணியா
24.05.2025

அன்புள்ள இராகுலன்,

ஓய்வெடு என்று நீ எழுதியதை வீட்டில் சொன்னேன். அஸாம் சண்டைக்கு வந்தான். "உங்கட கைக்கு என்ன வாப்பா? ஆரோ சொன்னாப்போல விடுறதா?" ஆரோ இல்லை, இராகுலன் என்றேன். என்னை இவ்வளவு அறிந்த நீயே சொன்ன பிறகு எனக்கும் மனது தெளிந்துவிட்டது.

பட்டறையை மூடுகிறேன். மூதூரிலிருந்து ஒருவர் வருகிற சனிக்கிழமை, 31ஆம் திகதி, வேலை மேசையையும் தச்சு ஆயுதங்களையும் விலைக்கு எடுக்க வருகிறார். உன் கடிதம் பெரிய ஆறுதல், மச்சான். அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தைத் தரட்டும்.

உன்,
முனீப்


திருகோணமலை
27.05.2025

முனீப்,

ஒன்றையும் விற்காதே. தபாலில் போட்டால் பிந்திவிடும் என்று, கிண்ணியாவில் படிப்பிக்க வரும் பூரணி ரீச்சரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

உன் மேசை சரி. நாங்கள் ஆறு பேரும்தான் பிழை.

மேசை உயரம் பார்க்கும் பழைய தடியைக் கறையான் தின்றுவிட்டது. புதுத் தடி வெட்டியவன் நான். என் அளவுநாடாவின் நுனி உடைந்திருந்தபடியால் ஒன்று என்ற கோட்டிலிருந்து பிடித்து அளந்தேன். நாற்பத்தொன்றில் வெட்ட வேண்டியதை, மறந்துபோய் நாற்பதிலேயே வெட்டிவிட்டேன். தடி முப்பத்தொன்பது அங்குலம். அதுதான் வீடு வீடாகப் போனது, அதை வைத்துத்தான் எல்லோரும் கால் போட்டார்கள். உனக்குத் தடி தேவைப்படவில்லை. நீ உன் நாடாவால் நாற்பது அளந்தாய்.

எனக்கு அன்றே தெரியும். நீ அரிந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது சந்தேகம் வந்து, காவலாளியிடம் நாடா வாங்கி என் மேசையை அளந்து பார்த்தேன். பிரதம விருந்தினர் வாசலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார். ஒழுங்கமைப்பாளர் நான். பின்னேரம் சொல்வோம் என்று நினைத்தேன். பின்னேரம் சொல்ல ஏலவில்லை, அடுத்த நாள் இன்னும் ஏலவில்லை. இப்படியே ஒன்பது மாதம் போய்விட்டது. கிண்ணியா அரை மணித்தியாலப் பஸ்தான். உன் முன்னால் வந்து நிற்க எனக்கு முகம் இல்லை.

நேற்று மனிசி லோஜினியிடம் சொன்னேன். "அந்த மனுசன்ர பிழைப்பையெல்லோ நீங்கள் அரிஞ்சனீங்கள்" என்றா. ஓம், அது நான்தான். உன் தலையில் ஒரு குறையும் இல்லை, முனீப். மன்னி என்று கேட்கவே கை கூசுகிறது.

இராகுலன்


கிண்ணியா
28.05.2025

இராகுலன்,

ரீச்சர் கடிதத்தைத் தந்துவிட்டுத் தேத்தண்ணியும் குடிக்காமல் போனா. பட்டறையில் நின்றபடியே வாசித்தேன். பிறகு அஸாமைக் கூப்பிட்டு, மூலையில் கிடந்த ஒரு பலகையை வெறுங்கண்ணால் பார்த்து நீளத்தைச் சொன்னேன். அவன் அளந்தான். சரி. இன்னொன்று சொன்னேன். அதுவும் சரி. நான் அழும் சத்தம் கேட்டுப் பரீதா குசினியிலிருந்து ஓடி வந்தா. சந்தோசத்தில்தான் அழுதேன், அதையும் உனக்கு எழுத வேண்டும். மூதூர்க்காரரை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

தடி பிழைத்தது ஒரு விசயமே இல்லை. நாடா நுனியில் பிழைக்காத ஓடாவி கிடையாது. அன்றைக்கே சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு உங்கள் ஆறு மேசைக்கும் நானே அடியில் கட்டை வைத்திருப்பேன். விருந்தினருக்குப் பயந்து மறைத்ததும் விளங்குகிறது. ஆனால் வாப்பாவுக்கு வந்தது எனக்கும் வருகிறதோ என்ற பயத்தை, பரீதாவுக்கும் சொல்லாமல், உனக்கு மட்டும்தான் எழுதினேன். அதை வாசித்த பிறகும் ஓய்வெடு என்று எழுதினாயே. அந்த இடத்தை என்னால் தாண்ட ஏலாது.

மேசையை அஸாம் முந்திய நாளே கொண்டு வருவான். பூட்டிக்கொள்ளுங்கள், பிள்ளைகள் ரயில் பார்க்கட்டும். தேத்தண்ணி ஊற்ற வேறு ஆள் பார். அன்று எனக்கு வேலை இருக்கிறது.

முனீப்