சூளைக்காரத் தம்பிக்கு

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம். நீயும் நலம்தான் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன், நீ எழுதினால்தானே தெரியும். சிமெண்ட் ஆலையில் சூளைக்குப் பொறுப்பாளர் ஆனதும் பேனா பிடிக்கக் கை வலிக்கிறதா?

பொரிப்பகத்தில் மூன்றாவது ஈடு சிப்பிக் குஞ்சுகளும் போய்விட்டன. தாய்ச் சிப்பிகள் நன்றாகத்தான் முட்டை விட்டன. மறுநாளே குஞ்சுகளுக்கு முதல் ஓடு வர வேண்டும், கண்ணுக்கே தெரியாத அரைவட்ட ஓடு. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஓரமெல்லாம் எலி கொறித்த காகிதம் மாதிரி இருக்கிறது. இரண்டு நாளில் எல்லாம் தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிட்டன. தொட்டியை ஒழுங்காகத் தேய்க்கவில்லை என்று உன் அத்தானைத் திட்டித் தீர்த்தேன். மனுஷன் வாயைத் திறக்காமல் மறுபடியும் தேய்த்தார். வாயைத் திறக்காததற்கும் ஒரு திட்டு வாங்கினார்.

கடைசியில் மீன்வளத் துறையிலிருந்து ஆய்வாளர் அம்மா வந்து தண்ணீரைச் சோதித்தார். "தொட்டியில ஒண்ணும் தப்பில்லம்மா. கடல் தண்ணியே மாறிப்போச்சு" என்றார். மாறிப்போச்சு என்றால் என்ன என்று பிடித்துக்கொண்டேன். நாற்காலியில் உட்காரவைத்துச் சொல்ல வைத்தேன்.

நாம் விடும் மூச்சு, அடுப்புப் புகை எல்லாவற்றிலும் ஒரே கரிதானாம். இலை கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மண் கொஞ்சம், கடல் கொஞ்சம். கடலில் அது சிப்பியின் ஓடாகும். ஓடு அடியில் படிந்து கல்லாகிக் கோடிக்கணக்கான வருடம் தூங்கும். எப்போதாவது எரிமலை வழியாகக் கொஞ்சம் மேலே வரும். போவதும் வருவதும் சமமாக இருந்தவரை யாருக்கும் தொல்லை இல்லை. இப்போது தூங்குகிற நிலக்கரியையும் கல்லையும் தோண்டி ஒரேயடியாக எரித்தால், இலையும் மண்ணும் எவ்வளவுதான் வாங்கும்? கால்பங்கு கடலுக்குள் போகிறது. கடல் புளிக்கிறது. நாக்குக்குத் தெரியாது, குஞ்சுக்குத் தெரியும். ஓடு கட்டத் தேவையான சத்து தண்ணீரில் குறைந்துவிடுகிறது.

"தூங்குற கல்லை யாரும்மா எரிக்கிறா?" என்று வெள்ளந்தியாகக் கேட்டேன். "சிமெண்ட் ஆலைங்கதான்" என்றார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை எனக்கு.

பொரிப்பகம் திறந்த அன்று உன் குவாரியிலிருந்து ஒரு கல் கொண்டுவந்து தந்தாயே, உடம்பெல்லாம் சிப்பி பதிந்த கல். அதுதான் இன்றைக்கும் கதவுக்கு முட்டு. எவ்வளவு அழகு என்று அன்று ஊரெல்லாம் காட்டினேன். இப்போதுதான் உறைக்கிறது. பழைய சிப்பியைச் சுட்டு என் புதுச் சிப்பியைக் கொல்கிறீர்கள்.

நாலாவது ஈடும் போனால் குஞ்சு வாங்குகிற பண்ணைக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். நான் கடையைக் கட்ட வேண்டியதுதான். ஒருமுறை வந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுப் போ. இத்தனை வருடத்தில் நீ வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டதோடு சரி.

உன் அக்கா

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் காது சூடாகிவிட்டது. நேரில் திட்டினாலாவது நடுவில் தண்ணீர் குடிப்பாய்.

அந்த அம்மா சொன்னது சரிதான். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் உள்ளே அடைந்திருக்கும் வாயு வெளியே வரும். எங்கள் புகையில் பாதிக்கு மேல் அதுதான், மீதி நிலக்கரி. நான் ஒளிக்கவில்லை. ஆனால் என் சூளைப் புகை விலாசம் விசாரித்துக்கொண்டு உன் தொட்டிக்கு வரவில்லை. உலகத்துப் புகையெல்லாம் ஒன்றாகக் கலக்கிறது. என் ஒரு சூளையை அணைத்தால் கடல் தேறிவிடுமா? உன் தொட்டி எதில் கட்டியது அக்கா? சிமெண்டில்தானே?

சரி, சண்டை இருக்கட்டும். எங்கள் கெமிஸ்டிடம் கேட்டேன். தண்ணீரில் சலவைச் சோடாவை அளந்து கலந்தால் ஓட்டுக்கு வேண்டியது கிடைத்துவிடுமாம். எட்டு மூட்டை லாரியில் வருகிறது. கடல் தண்ணீர் இழுக்கிற பம்பையும் காலையில் போடாதே. வெயில் ஏறி, கடற்புல்லும் பாசியும் அந்த வாயுவைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டபின் மதியத்துக்கு மேல் போடு. தண்ணீர் அப்போதுதான் நன்றாக இருக்குமாம்.

எனக்கும் ஓர் உதவி செய். இரண்டாவது சூளைக்கு அனுமதி கேட்டிருக்கிறோம். அடுத்த மாதம் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். கடலில் ஒரு கோளாறும் இல்லை என்று பொரிப்பகத்தின் பெயரில் நாலு வரி எழுதி அனுப்பு. முதலாளியே ஆசையாகக் கேட்டார். புதுச் சூளை வந்தால் மொத்தத்துக்கும் நான்தான் தலைமை. எனக்காகச் செய் அக்கா.

உன் தம்பி

ஜூன் 28

தம்பிக்கு,

சோடா வந்தது. நீ சொன்னபடியே மதியம் பம்ப் போட்டு, கலந்து, முட்டை விட வைத்தோம். நாலாவது ஈடு பிழைத்துவிட்டது. ஓரம் உடையாத ஓட்டோடு தூசி மாதிரிச் சுற்றிச் சுற்றி நீந்துகின்றன. உன் அத்தான் மைக்ராஸ்கோப்பை விட்டு நகரமாட்டேன் என்கிறார். சந்தோஷம். உனக்கு நன்றி. இதை முதலில் சொல்லிவிட்டேன், பின்னால் சொல்ல மனசு வராது.

கோளாறே இல்லை என்று எழுதித் தரணுமா? எட்டு மூட்டை மருந்தை அனுப்பிவிட்டு, நோயே இல்லை என்று கையெழுத்து கேட்கிறாயே, உனக்கே சிரிப்பு வரவில்லையா? என் தொட்டிக்கு நீ சோடா போட்டாய். கடலுக்கு யார் போடுவது? என் தொட்டியிலாவது பம்பை நிறுத்தலாம். வெளியே இருக்கிற சிப்பியும் நத்தையும் பவளமும் எந்த லாரிக்குக் காத்திருக்கும்? கடல் விழுங்காத மிச்சம் வானத்தில் நின்று சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. கடலும் சேர்ந்து காய்கிறது. மழை வர வேண்டிய மாதத்தில் வராமல், வேண்டாத மாதத்தில் வந்து கழுத்தைப் பிடிக்கிறது. இதெல்லாம் எனக்கு ஆய்வாளர் அம்மா சொல்லித்தான் தெரியும். உனக்குப் படித்தே தெரியும். அதுதான் வயிறு எரிகிறது.

ஆமாம், என் தொட்டி சிமெண்ட்தான். என் வீடும் சிமெண்ட்தான். சூளையை அணை என்று நான் எங்கே சொன்னேன்? இருப்பதே போதாமல் இன்னொன்று கட்டுவதற்கு, அதுவும் என் வாயால் பொய் சொல்லிக் கட்டுவதற்கு, என்னைக் கூப்பிடாதே என்றுதான் சொல்கிறேன். அந்தக் கூட்டத்தில் என் பெயர் வரக் கூடாது.

கோபம் கோபம்தான். ஆனாலும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போ. இப்போது உயிரோடு இருக்கின்றன, பார்க்க நன்றாக இருக்கும்.

அக்கா

ஜூலை 5

அக்காவுக்கு,

சரி. உன் பெயரை எடுக்க மாட்டேன், சத்தியம். நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். இங்கே என் நிலைமை உனக்குப் புரியாது.

கூட்டத்துக்கெல்லாம் அலையாதே, வெயில் மண்டையைப் பிளக்கிறது. முடிந்த மறுநாளே நான் வருகிறேன். மூக்கைப் பொத்தாமல் உள்ளே வந்து, நீ காட்டுவதையெல்லாம் பார்க்கிறேன்.

தம்பி

ஜூலை 19

தம்பி,

நீ வருவதாக எழுதியதும் நான் இளகிவிட்டேன். கூட்டத்துக்கு மறுநாள் வரை பொறுக்க முடியவில்லை. பிழைத்த குஞ்சுகளில் கொஞ்சத்தைத் தண்ணீரோடு ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். உன் ஆய்வுக்கூடத்திலேயே மைக்ராஸ்கோப் இருக்குமே, கூட்டம் முடிந்ததும் உனக்குக் காட்டலாம் என்று. அதனால்தான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உன்னை வேவு பார்க்க வரவில்லை.

நீ வெள்ளைச் சட்டையில் மைக்கைப் பிடித்தாய். "கடலைப் பத்திக் கவலைப்படுறீங்க. நான் வேற யாரையும் சாட்சிக்குக் கூப்பிடல. என் கூடப் பிறந்த அக்காவே சிப்பிக் குஞ்சு வளர்க்கிறாங்க. இன்னைக்குப் போனாலும் பாக்கலாம், தொட்டி நிறைய குஞ்சு. தண்ணியில கோளாறு இருந்தா வளருமா?"

கைதட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவரும் தட்டினார். பெயரை நீ சொல்லவில்லைதான். சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டாய், கெட்டிக்காரன்.

எழுந்து பேச வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. பார்த்தால் நின்றுகொண்டிருந்தேன். "அந்த அக்கா நான்தாங்க" என்றேன். மைக்கை என் பக்கம் நீட்டினார்கள். "மூணு ஈடு செத்துப்போச்சு. நாலாவது பிழைச்சது தண்ணியில சோடா கலந்ததால. அந்தச் சோடாவை அனுப்பினதே இவருதான். கோளாறு இருக்குன்னு தெரிஞ்சுதான் அனுப்பினாரு."

அப்போது நீ என்னைப் பார்க்கவில்லை. முதலாளியைப் பார்த்தாய்.

வெளியே வந்து, "குடும்ப மானத்தை வாங்கிட்டியேக்கா" என்றாயே. செத்த குஞ்சை அள்ளிக் கொட்டியது நான், பொய் சொன்னது நீ, மானம் மட்டும் குடும்பத்துக்கா? ஒரு வார்த்தை, "தப்பு பண்ணிட்டேன்" என்று சொல்லியிருந்தால், அங்கேயே உன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். நீ காரில் ஏறினாய். குப்பி என் கையிலேயே இருந்தது. பஸ் வெயிலில் சூடேறி, வீடு வந்து சேர்வதற்குள் எல்லாம் செத்திருந்தன.

அனுமதி கிடைத்துவிடும் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். கிடைக்கும். நீ தலைமைக்கு வருவாய். ஆய்வாளர் அம்மா மாதாமாதம் தண்ணீரைச் சோதித்து எழுதச் சொல்லியிருக்கிறார், எந்தக் கூட்டம் கூப்பிட்டாலும் அதை எடுத்துக்கொண்டு போய் நிற்பேன். உன் கூட்டமானாலும் சரி.

சோடா மூட்டையைத் திருப்பி அனுப்ப மாட்டேன். மிச்சம் இரண்டு இருக்கிறது. குஞ்சுகளுக்கு நம் சண்டை தெரியாது. தீர்ந்ததும் கடையில் வாங்கிக்கொள்வேன்.

நீ தந்த சிப்பிக் கல்லை மட்டும் இந்தப் பக்கம் வந்த உன் ஆலை லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். புதுச் சூளையில் முதல் கல்லாகப் போடு. எத்தனையோ கோடி வருடம் அடக்கி வைத்திருந்ததை ஒரு மத்தியானத்தில் விட்டுவிடும். கதவு காற்றுக்கு அடித்துக்கொண்டே இருக்கிறது. உன் அத்தான் வேறு முட்டு தேடுகிறார்.

ஒவ்வொரு கடிதத்திலும் ஒருமுறை வந்து பார் என்று எழுதினேன். இதில் எழுதவில்லை.

அந்த அக்கா