அந்தச் சுரங்க ஊரில் எனக்கு என்ன வேடம்?

மச்சான்,

இன்று காலை நம்முடைய லாசப்பல் கடைத்தெருவில் ஒரு குதிரை என்னைப் பார்த்தது.

குதிரைப் பொலிசார் இரண்டு பேர், எதற்கென்று தெரியாது, மெத்ரோப் பாலத்துக்குக் கீழே வந்து சிவப்பு விளக்கில் என் சாமான் வானுக்குப் பக்கத்தில் நின்றார்கள். நான் கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தேன். வியர்வையும் வைக்கோலும் கலந்த அந்த மணம் உள்ளே வந்து, பின்னால் கிடந்த வெங்காய மூட்டைகளின் மணத்தையே அமுக்கிவிட்டது. குதிரை தலையைத் திருப்பி என்னை ஏற இறங்கப் பார்த்தது. நானும் விட்டுக்கொடுக்காமல் பார்த்தேன். பச்சை விழுந்ததும் அது நேரே போய், தையல்கார அண்ணையின் கடை வாசலில் நின்று, ஆறுதலாகச் சாணம் போட்டுவிட்டு நடந்தது.

நீ இருந்திருந்தால் றோல்ஸ் பொரிக்கிற தாச்சியை அடுப்பில் அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடி வந்திருப்பாய். தையல்கார அண்ணைக்கு ஒரு மாதத்துக்குப் போதுமான பகிடி கிடைத்திருக்கும். நீ இல்லை. நான் வானுக்குள் தனியாக இருந்து சிரித்தேன். பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

எல்லாவற்றுக்கும் அந்தப் பெட்டிதான் காரணம். கடைக்குப் பெரிய தாச்சி ஒன்று வேண்டுமென்று பழைய சாமான் சந்தைக்குப் போன நீ, தாச்சியை மறந்து, ஒரு பெட்டி நிறைய டிவிடித் தட்டுகளோடு திரும்பி வந்தாய். அந்தக் காலத்து அமெரிக்காவில் வெள்ளி அகப்பட்ட ஒரு மலையடிவாரம்; சுரங்கத்தைச் சுற்றிப் பலகை வீடுகளும் சேறுமாக ஓர் ஊர்; அந்த ஊருக்கு நொண்டுகிற ஒரு ஷெரீப். இதுதான் தொடர். ஆட்கள் அமெரிக்கர், வாயிலிருந்து வருவது பிரெஞ்சு. மற்றக் கடைகளில் பாட்டும் கிரிக்கெட்டும் ஓட, உன் தேநீர்க் கடைத் தொலைக்காட்சியில் மட்டும் குதிரைகள் ஓடின.

"அண்ணை, ஒரு பாட்டுப் போடுங்கோவன்" என்று யாராவது கேட்டால், "இதிலையும் பாட்டு வரும், பொறுங்கோ" என்பாய். ஆறு வருடம் பொறுத்தார்கள். ஒரு பாட்டும் வரவில்லை.

ஒருநாள் உன் மனைவி உருளைக்கிழங்கு மசித்தபடியே சொன்னாள்: "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்த மனுசன், இஞ்சை வந்து துவக்குச் சத்தத்தைக் காசு குடுத்து வாங்கிப் பாக்குது."

கடையே சிரித்தது. நீயும் சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டு, "இதிலை செத்த ஆக்கள், தட்டைத் திரும்பப் போட்டா எழும்பி வருவினம்" என்றாய். அன்றைக்கு யாரும் பாட்டுக் கேட்கவில்லை.

அந்த ஊர் லாசப்பல்தான் என்பது உன் கட்சி. "எல்லாரும் கொஞ்ச நாள் கிண்டிப்போட்டுத் திரும்பிப் போவம் எண்டுதான் வந்தவை. ஆர் போனது?" என்று கேட்பாய். அதோடு நில்லாமல் தெருவில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வேடம் கொடுக்கத் தொடங்கினாய். ஷெரீப் வேடத்தை யாரிடமும் கேட்காமல் நீயே எடுத்துக்கொண்டாய். உனக்கிருந்த தகுதி ஒன்றே ஒன்று, வலது முழங்கால் நோ. மேயர் வேடத்துக்கு நாலு பேர் போட்டி. நாலு பேரும் நாலு பழைய மாணவர் சங்கங்களின் தலைவர்கள். கிழமைக்கு ஒருவர் என்று முறை வைத்து ஊரைக் காப்பாற்றினாய்.

தையல்கார அண்ணைக்குத்தான் கோபம் வந்தது. தொடரில் சவப்பெட்டி செய்கிற ஒருவர் இருந்தார். உயிரோடு நடமாடுகிறவர்களையே கண்ணால் அளவெடுக்கிற மனிதர். அந்த வேடத்தை அண்ணைக்குக் கொடுத்தாய். அவர் இரண்டு மாதம் உன் கடை வாசற்படி மிதிக்கவில்லை. கடைசியில் நீயே தேநீரோடு போய்ச் சமாதானம் பேசினாய்.

"அண்ணை, பிழை என்ரை. அந்த ஊரிலை சொன்ன நாளுக்கு வேலையை முடிச்சுக் குடுக்கிற ஒரே ஆள் பெட்டிக்காரன்தான். உங்களுக்கு அந்த வேசம் பொருந்தாது."

உன்னுடைய வாஸ்கட் ஒன்று இரண்டு வருடமாக அவரிடம் கிடந்தது. ஷெரீப் போடுகிற மாதிரிக் கையில்லாக் கோட்டு வேண்டுமென்று, சாறிப் பிளவுஸ் தைக்கிற மனிதரிடம் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போய்க் கேட்டுக்கொண்டிருந்தாய்.

உன் மனைவிக்குக் கொடுத்தது, விடுதி நடத்துகிற விதவை வேடம். அந்த ஊரிலேயே துணிச்சலான ஆள் அவள்தான் என்று நீ விளக்கம் சொல்லியும் எடுபடவில்லை.

"நான் விதவையோ? அப்ப நீ ஆர்?"

"நான் ஷெரீப்."

"அப்ப என்ரை புருசன் என்னெண்டு செத்தவர்?"

"உன்ரை சமையலாலை."

கறிக்கரண்டி பறந்து வந்தது. ஷெரீப் குனிந்தார். மேயர்மாரில் ஒருவருக்குப் பட்டது.

எல்லோருக்கும் வேடம் இருந்தது மச்சான், எனக்கு மட்டும் இல்லை. முதலில் பகிடியாகக் கேட்டேன். பிறகு உண்மையாகவே கேட்டேன். "உனக்கு இருக்கு. பிறகு சொல்லுறன்" என்பாய். துணை ஷெரீப் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் அந்த மீசைக்காரச் சீட்டாட்டக்காரன். என் மீசைக்கு அது பொருந்தும். சாமான் இறக்குகிற ஒருவனுக்கு இந்த ஆசையெல்லாம் தேவையா என்று நீ கேட்கலாம். தேவைதான். உன்னுடைய ஊரில் நான் யார் என்று தெரியாமல் இருப்பது, கலியாண வீட்டில் பந்தியில் இடமில்லாமல் நிற்பது போல இருந்தது.

பின்னேரம் மூன்று மணிக்குக் கடை ஓய்கிற நேரம், நான் மூட்டைகளை இறக்கிவிட்டு வந்து உன்னோடு இருந்து ஓர் அங்கம் பார்ப்பேன். ஒவ்வொரு அங்கமும் ஒரே மாதிரித்தான் முடியும். சுட்டவன் சுட்டு, செத்தவன் செத்து, ஷெரீப் குதிரை லாயத்துக்குள் போய் ஒரு தூரிகையை எடுத்துக் குதிரையைத் தேய்க்கத் தொடங்குவான். தெருவில் வானை நிறுத்திச் சாமான் இறக்க எனக்கு விட்ட அரை மணி நேரம் அதோடு முடியும். தண்டம் எழுதிவிடுவார்கள் என்று எழும்பி ஓடுவேன்.

"இரடா, முக்கியமான இடம் இப்பதான் வருது."

"குதிரைக்கு மயிர் சீவிறதோ முக்கியம்?"

நீ தொலைக்காட்சியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவாய்.

சுகாதாரப் பரிசோதகர் வந்த கதையை உனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த மனிதர் குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்து, எதையோ எழுதி, அடுத்த கிழமை திரும்பி வருவேன் என்றார். நீ ஏப்ரனில் கையைத் துடைத்தாய். அவருடைய கண்ணை நேரே பார்த்தாய். உனக்கு முழுதாகத் தெரிந்த ஒரே பிரெஞ்சு வசனத்தைச் சொன்னாய்: "நான் இங்கேதான் இருப்பேன். தனியாக வாருங்கள்."

ஷெரீப் கொள்ளைக்காரரிடம் சொல்கிற வசனம் அது. பாவம், அந்த மனிதர் அதை மிரட்டல் என்று எடுத்தாரா, லஞ்சம் என்று எடுத்தாரா தெரியாது. அடுத்த கிழமை மூன்று பேராக வந்தார்கள். நான் அரிசி மூட்டையைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடி வந்து, இது தொலைக்காட்சியில் வருவது, இவர் நல்ல மனிதர், இவருடைய பிரெஞ்சுதான் துவக்கு வைத்திருக்கிறது என்று விளங்கப்படுத்தினேன். மூவரில் மூத்தவர் நிமிர்ந்து தொலைக்காட்சியைப் பார்த்தார். தன் தகப்பனார் இதை விடாமல் பார்ப்பார் என்றார். அதற்குப் பிறகு குளிர்ப்பெட்டியை யாரும் திறக்கவில்லை. நாலு பேருமாக நின்று ஓர் அங்கம் பார்த்தீர்கள்.

ஏன் உனக்கு அந்தப் பிரெஞ்சு மட்டும் வந்தது என்பது எனக்குத் தெரியும். திங்கட்கிழமை கடை பூட்டு. ஒபர்வில்லியேயில் மொத்தக் கடைகளுக்கு நான் போகும்போது, சாமான் தெரிந்தெடுக்க வேண்டுமென்று நீயும் வானில் ஏறிக்கொள்வாய். லாசப்பல் தாண்டும் வரை பகிடி விடுவாய். தாண்டியதும் உன் குரல் மாறும்.

"மகள் போனிலை சிநேகிதப் பிள்ளையளோடை பிரெஞ்சிலை பறக்கிறாள் மச்சான். ஒரு சொல்லும் பிடிபடுதில்லை. என்னோடை தமிழிலை ரெண்டு சொல்லு, அவையோடை ரெண்டாயிரம். இந்த ஷெரீப் எண்டா மெதுவாக் கதைக்கிறான். இவனிட்டைப் பழகிப்போட்டு, பிறகு அவளிட்டைப் போவம் எண்டு பாக்கிறன்."

நான் "ம்" என்றேன். அந்த இடத்தில் லொறிகள் குறுக்கே வரும், கண்ணை எடுக்க முடியாது. எத்தனையோ திங்கட்கிழமைகள் எத்தனையோ சொன்னாய். எல்லாவற்றுக்கும் என்னிடமிருந்து உனக்குக் கிடைத்தது அந்த ஒரு "ம்"தான். ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாத மடையன் என்று என்னை நானே திட்டிக்கொள்வேன். நீயோ அடுத்த திங்களும் வந்து ஏறுவாய்.

போன மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மாக் குழைத்தபடி நின்ற நீ விழுந்தாய். இதயம் என்றார்கள். முதல் நாள்தான் என் பக்கத்தில் இருந்து முழங்காலைப் பற்றி முறைப்பட்டாய். முழங்காலைக் காட்டி எங்களை ஏமாற்றிவிட்டு நெஞ்சால் போனாய். எனக்கு உன்னில் சரியான கோபம் மச்சான். இப்போதும் இருக்கிறது.

தகனத்துக்கு முன் உன்னைக் கிடத்தியிருந்த இடத்துக்குத் தையல்கார அண்ணை ஒரு பையோடு வந்தார். உள்ளே உன் வாஸ்கட். இரண்டு நாளில் தைத்து முடித்திருக்கிறார். உள்துணி மட்டும் யாரோ ஒரு பெண்ணின் பிளவுஸ் துணி, மயில் நீலம். "நான்தான் சொன்ன நாளுக்குக் குடுக்கிறேல்லை. இவன் சொல்லாத நாளிலையெல்லோ போயிட்டான்" என்று பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதார். பட்டு வேட்டிக்கு மேல் இது என்ன கோலம் என்று அந்தக் கிழமை மேயர் முணுமுணுத்தார். உன் மனைவி நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். "அது இருக்கட்டும்" என்றாள். ஊரிலேயே துணிச்சலான ஆள் அவள்தான் என்று நீ சொன்னது சரி.

அங்கே நின்றபோது எனக்குள் ஓடியது என்ன தெரியுமா? வெட்கம் கெட்ட யோசனை. இவன் என் வேடத்தைச் சொல்லாமலே போய்விட்டானே என்பதுதான்.

முப்பத்தோராம் நாள் சமையலுக்கு மரக்கறி மூட்டைகளோடு உன் வீட்டுக்குப் போனேன். உன் மகள் குசினியில் கோப்பை துடைத்துக்கொண்டு நின்றாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். அவள் முகம் ஒரு மாதத்துக்குப் பிறகு சிரித்தது.

"மாமா, நீங்கள் ஷெவால்."

"ஷெவால் எண்டா குதிரையெல்லோ?"

"ஓம்."

"நான் மனுசரிலை ஆர் எண்டு கேட்டனான், பிள்ளை."

"மனுசரிலை இல்லை, மாமா."

என் கையில் வடை இருந்தது. கீழே வைத்துவிட்டேன். மூட்டை சுமக்கிறேன், நீள முகம், சிரித்தால் பல்லு முழுக்கத் தெரியும். எல்லாக் கணக்கும் சரியாக வந்தது. பெட்டிக்காரனாவது மனிதன். பக்கத்தில் நின்ற மேயர், "குதிரையும் நல்ல வேசம்தான் தம்பி" என்று தோளில் தட்டினார், குதிரையைத் தட்டிக் கொடுக்கிற விதத்திலேயே. சாப்பிடாமல் புறப்பட்டேன். உன் மகள் படியிறங்கி ஓடி வந்து அந்த டிவிடிப் பெட்டியை என் கையில் தந்தாள்.

"கடைசி சீனைப் பாருங்கோ மாமா. நீங்கள் எப்பவும் எழும்பிப் போயிடுவியள் எண்டு அப்பா சொல்லுறவர்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டேன். கதை வேண்டாமென்று கடைசிக் காட்சிக்கு நேரே போனேன். ஷெரீப் லாயக் கதவைச் சாத்துகிறான். தூரிகையை எடுக்கிறான். பகல் முழுக்க ஊராரோடு மூன்று சொல்லுக்கு மேல் பேசாதவன், குதிரையின் கழுத்தைத் தேய்த்தபடி பேசத் தொடங்குகிறான். பயமாக இருக்கிறது என்கிறான். தாயின் முகம் மறந்து போகிறது என்கிறான். கால் இனிச் சரிவராது என்கிறான். குதிரை வைக்கோல் சப்புகிறது. இடைக்கிடை ஒரு காதை அசைக்கிறது. அவ்வளவுதான். அவன் முழுவதையும் சொல்லி முடித்து, விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே போகிறான், திரும்பவும் ஷெரீப்பாக.

அடுத்த தட்டிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. நாலாவதில் நான் விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தேன். என் மனைவி குசினியிலிருந்து ஓடி வந்தாள்.

"ஐயோ, ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை. குதிரைக்கு மயிர் சீவிறான்."

அவள் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தேநீர் போடப் போனாள்.

கடையை இப்போது உன் மனைவிதான் நடத்துகிறாள். தொலைக்காட்சியில் பாட்டுப் போட்டுப் பார்த்தாள். இரண்டு நாளில் வாடிக்கைக்காரரே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று மணிக்கு இப்போது கடைசிக் காட்சி வரை இருக்கிறேன். தண்டம் இரண்டு தரம் எழுதிவிட்டார்கள்.

போன திங்கட்கிழமை உன் மனைவி, "அண்ணை, சாமான் தெரிய நானும் வாறன்" என்று வந்து வானில் ஏறி உன் இருக்கையில் இருந்தாள். பட்டியைப் போட்டாள். லாசப்பல் தாண்டும் வரை வாய் திறக்கவில்லை. தாண்டியதும் கதைக்கத் தொடங்கினாள். ஒபர்வில்லியே வந்து, வானை நிறுத்தி, இயந்திரம் ஓய்ந்த பிறகும் கதைத்துக்கொண்டிருந்தாள். நான் வீதியைப் பார்த்தபடி "ம்" என்றேன். வீதியில் பார்க்க ஒன்றும் இல்லாதபோதும் "ம்" என்றேன். பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போய், வெங்காயக்காரனோடு விலைக்குச் சண்டை பிடித்தாள்.

என்ன சொன்னாள் என்று அறிய உனக்கு ஆசையாக இருக்கும். பாதிக்கு மேல் உன்னைப் பற்றித்தான்.

கேட்காதே மச்சான். குதிரை சொல்லாது.