ஆயுத பூஜையன்று ஓடிய சோடா மெஷின்

தேவராஜ மொஹல்லா,
மைசூரு.
மார்ச் 4, புதன்கிழமை

அன்புள்ள பூங்குழலிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் அத்தையும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று மாதேஸ்வரனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். உன் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. உங்கம்மா எழுத்து ஏன் ஸ்கூல் பிள்ளை எழுத்து மாதிரி இருக்கிறது என்று உன் அறைப் பிள்ளைகள் கேட்டதாக எழுதியிருந்தாய். தாய் தந்தை கடிதத்தைத் தவிர வேறு யார் கடிதத்தையும் விடுதிக்குள் விடமாட்டார்கள் என்று அத்தை சொன்னதால்தானே படிவத்தில் தாய் என்ற இடத்தில் என் பெயரை எழுதினோம். அம்மா போனபோது உனக்கு நான்கு வயது, எனக்கு ஒன்பது. அம்மா எனக்குச் சிலேட்டில் எழுதிக் காட்டிய தமிழைத்தான் நான் உனக்கு எழுதிக் காட்டினேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளி நின்றது, எழுத்தும் அதோடு நின்றுவிட்டது என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல். திருச்சியில் வெயில் அதிகம் என்கிறார்கள், தண்ணீர் பாட்டிலை மறக்காமல் எடுத்துக்கொண்டு போ, ஈரத் தலையோடு படுக்காதே, கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் புதிதாக எதையும் படிக்காதே.

இங்கேயும் வெயில் ஏறிவிட்டது. பதினொரு மணிக்கே மார்க்கெட் மூட்டைக்காரர்கள் நம் சோடாக் கடை முன்னால் வந்து நின்றுவிடுகிறார்கள். தெருமுனையில் செருப்புக்கடை இருந்ததே, அங்கே கண்ணாடிக் கதவு போட்டு ஏசி கடை ஒன்று வந்திருக்கிறது. பிஸ்கட், சோப்பு, முட்டை எல்லாவற்றையும் நாமே கூடையில் எடுத்துக்கொள்ள வேண்டும். கூல்டிரிங்கையும் நாமே காகித டம்ளரில் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்பா ஒரு நாள் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "நாமளே புடிச்சுக் குடிக்கறதுக்குக் கடை எதுக்கு, ஊட்டுக் கொழாயில புடிச்சுக்கலாமே" என்றார். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த வள்ளியாத்தாள் அக்கா விடவில்லை. "லிங்கப்பண்ணா, அந்தக் கடையில யாரும் ஒரு வார்த்த பேச வேண்டியதில்லயாம். உங்க பெரிய புள்ளய அங்க வேலைக்கு உடுங்க, அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் வழக்கம்போலக் கிளாஸ் கழுவப் போய்விட்டேன்.

நான் பேசாததால்தானே நம் கடையில் விரல் காட்டும் பழக்கம் வந்தது. ஒரு விரல் என்றால் ஆரஞ்சு, இரண்டு லெமன், மூன்று ஜீரா, நான்கு பன்னீர், ஐந்து திராட்சை, ஒரு கை விரித்து மறுகையில் கட்டைவிரல் காட்டினால் அன்னாசி. முதலில் மூட்டைக்காரர்கள் கேலிக்குத்தான் காட்டினார்கள், பிறகு எல்லோருக்கும் அதுவே வசதியாகிவிட்டது. நீ மட்டும் ஸ்கூல் விட்டு வந்ததும் பையைக் கூடக் கழற்றாமல் இரண்டு கையையும் ஆட்டி ஆறும் போடு என்பாய். ஆறு குழாயிலும் கொஞ்சம் கொஞ்சம் பிடித்த பிறகு அது சேற்று நிறத்தில் இருக்கும். அதற்கு நீ தசரா என்று பேர் வைத்தாய். பாதியைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டுவாய். நன்றாக இருக்காது, ஆனாலும் குடிப்பேன். இப்போது அதை யாரும் கேட்பதில்லை, நானும் பிடித்துக் குடிக்கவில்லை.

இதையெல்லாம் எழுதிக்கொண்டே போகிறேனே தவிர, எழுத வேண்டியதை எழுதவில்லை. உன் கடிதத்தின் கடைசி வரிகளைப் பற்றித்தான் எழுத வேண்டும். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான் எழுத்து தெரியும் என்பதால் உன் கடிதங்களை நான்தானே அவருக்குப் படித்துக் காட்டுகிறேன். இந்தக் கடிதத்தையும் படித்தேன். உன் மார்க்கை, அத்தையின் கால்வலியை, சாம்பாரில் கிடந்த பூச்சியை எல்லாம் படித்தேன். அப்பா சிரித்தார். கடைசி வரிகளைப் படிக்காமல் மடித்து வைத்துவிட்டேன். அப்பாவுக்கு இன்னும் கோபம் இருந்தால் லீவுக்கு வரவில்லை, அத்தையோடு இருந்துகொள்கிறேன், ஆயுத பூஜை அன்றைக்கு சிரப் பாட்டிலை எடுத்தபோது ஏதாவது ஒயரில் என் கை பட்டிருக்கும், நான்தான் மெஷினைக் கெடுத்தேன், அப்பாவிடம் சொல்லி எனக்காக மன்னிப்புக் கேள் அக்கா என்று எழுதியிருந்தாய். பூங்குழலி, உன் கை எந்த ஒயரிலும் படவில்லை. மெஷினைக் கெடுத்தது நான்.

அன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். முதல் நாள் சாயங்காலம் அப்பாவும் நீயும் சேர்ந்து மெஷினைக் கழுவினீர்கள், தொட்டித் தண்ணீர் முழுவதையும் இறக்கிவிட்டுத் துணியால் துடைத்தீர்கள். நான் அப்போது வள்ளியாத்தாள் அக்காவோடு உட்கார்ந்து செவ்வந்தி கட்டிக்கொண்டிருந்தேன். ஆயுத பூஜை அன்று காலையில் ஆறு குழாய்க்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தோம். மறுநாள் தண்ணீர் ஊற்றி முதல் கிளாஸைச் சாமிக்கு வைக்கும் வரை யாரும் அதைத் தொடக்கூடாது என்று அப்பா வருடா வருடம் சொல்வதைத்தான் அன்றும் சொன்னார். மதியம் அவர் ஆட்டோ ஸ்டாண்டு பூஜைக்குப் போனார். நீ வீட்டில் மீதி சிரப்பைப் பானைத் தண்ணீரில் கலக்கி எதிர்வீட்டுப் பிள்ளைகளோடு குடித்துக்கொண்டிருந்தாய். நான் கடையில் தனியாக இருந்தேன். அப்போதுதான் கனகா வந்தாள். ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். அவளோடு காலேஜ் பிள்ளைகள் மூன்று பேர், எல்லோரும் புதுத் தாவணியில், தசரா விளக்குப் பார்க்கக் கிளம்பியவர்கள். "ஏனே சோனியா, இது நிம்ம அங்கடியா" என்று ஆச்சரியமாகக் கேட்டாள். எங்கள் கடைதான் என்று தலையாட்டினேன். "ஹாகாத்ரே சோடா கொடே" என்றாள். அப்படியானால் சோடா கொடு என்று அவள் கேட்டபோது, இன்று பூஜை, மெஷினைத் தொடக்கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர்கள் சிரித்துக்கொண்டு போயிருப்பார்கள். என் வாய் வரவில்லை. வாய் வராதது மட்டும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஆசையாகவும் இருந்தது. பள்ளியை விட்டவளுக்கு ஒரு கடை இருக்கிறது, ஆறு குழாய் மெஷின் இருக்கிறது என்று அவர்கள் பார்க்கட்டும் என்று இருந்தது. மாலையைக் கழற்றிவிட்டு சுவிட்சைப் போட்டேன்.

தொட்டியில் தண்ணீர் இல்லை என்பது எனக்கு நினைவே இல்லை. குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று கேஸ் மட்டும் வந்தது. இன்னும் குளிரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஓடட்டும் என்று விட்டுவிட்டுக் கிளாஸ்களைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். கனகா என் முதுகுக்குப் பின்னால் காலேஜ் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் ஆகியிருக்கும், கருகிய வாடை வந்தது. அவர்கள் முகத்தைச் சுளித்து, பரவாயில்லை இன்னொரு நாள் வருகிறோம் என்று போய்விட்டார்கள். சுவிட்சை அணைத்து மாலையை மறுபடி போட்டுவிட்டு, ஊதுபத்தி இரண்டை ஏற்றி வைத்தேன், வாடை தெரியக்கூடாது என்று.

மறுநாள் மஞ்சுநாத் மெக்கானிக் வந்து திறந்து பார்த்து, "அண்ணா, நேத்து யாரோ நீரில்லாம ஓட்டியிருக்காங்க, மோட்டார் சுட்டுப்போச்சு" என்றார். அப்பா நேராக உன்னைப் பார்த்தார். பூஜை அன்று சாயங்காலம் நீ அவரிடம் ஆரஞ்சு நாக்கை நீட்டிக் காட்டியிருந்தாய் அல்லவா. "சாமி நாளுன்னு கூடப் பாக்காம கூட்டாளிப் புள்ளைகளுக்குச் சோடா புடிச்சுக் குடுத்தியா" என்று கேட்டார். "சிரப்புத்தான்ப்பா குடிச்சேன், மெஷினத் தொடலப்பா" என்று நீ சொன்னாய். நான் கையில் கிளாஸ் துடைக்கும் துணியோடு மூன்றடி தள்ளி நின்றேன். நீ அழுதுகொண்டே என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, நீயாவது சொல்லு" என்றாய். உன் பக்கம் பேசச் சொல்லித்தான் கேட்டாய், என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. நான் குனிந்துகொண்டேன். நான் குனிந்ததை அப்பா வேறு விதமாக எடுத்துக்கொண்டார், தங்கையைக் காட்டிக்கொடுக்க மனம் இல்லாமல் பெரியவள் குனிகிறாள் என்று. கடையில் உட்கார்ந்து இவள் கெட்டுப்போகிறாள், பொய் வேறு பழகிவிட்டாள் என்று அன்றைக்கே அத்தைக்குப் போன் செய்தார். அத்தை விடுதியில் சமையல் வேலை பார்ப்பதால் பாதி வருடத்தில் உனக்கு இடம் கிடைத்தது. இல்லையென்றால் கிடைத்திருக்காது.

நீ அங்கே நன்றாகப் படிப்பாய், என்னைப் போல ஒன்பதோடு நிற்கமாட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் இல்லை. ஆனால் உனக்காக அதைச் சொல்லிக்கொள்ளவில்லை, நான் வாயைத் திறக்காமல் இருப்பதற்காகச் சொல்லிக்கொண்டேன். பெட்டியில் உன் துணிகளை மடித்து வைத்ததும் நான்தான். பஸ் ஏறும்போதும் தொடவில்லை என்று சொன்ன பிள்ளை நீ. இந்த ஐந்து மாதத்தில் உன் கையையே நீ நம்பாமல் போய்விட்டாய், ஒயரில் பட்டிருக்கும் என்று எழுதுகிறாய். அதைப் படித்த நாளிலிருந்து விரல் காட்டும் ஆட்களின் முகத்தைக் கூட என்னால் பார்க்க முடியவில்லை. இரண்டு முறை அப்பாவிடம் சொல்லப் போனேன். ஒரு முறை யாரோ வந்து லெமன் கேட்டார்கள். இன்னொரு முறை யாரும் வரவில்லை, அப்பா என்னவென்று கேட்டார், எலுமிச்சம்பழம் தீர்ந்துவிட்டது என்றேன். பேசினால் இப்படித்தான் வேறு எதையாவது சொல்லிவிடுவேன். எழுதினால் வருகிறது. அதனால் இதை எழுதி, நாளைக்கு அப்பாவுக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டுவேன். படிப்பது என் வேலைதானே, அதைச் செய்துவிடுவேன். முழுவதும் கேட்ட பிறகு அவரைக் கடைசியில் கையெழுத்துப் போடச் சொல்கிறேன். அந்தக் கையெழுத்து இல்லாமல் இந்தக் கடிதம் தபாலுக்குப் போகாது.

வியாழக்கிழமை. படித்துவிட்டேன் பூங்குழலி. அப்பா எலுமிச்சம்பழம் அறுத்துக்கொண்டே கேட்டார். கனகா வந்த இடத்தில் கத்தியை வைத்துவிட்டார். உன் கடைசி வரிகளை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை, அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தொடல தொடலன்னு அந்தப் புள்ள எத்தன தடவ சொல்லுச்சு" என்றார். அது என்னிடம் கேட்டது மாதிரி இல்லை. மூட்டைக்காரர் ஒருவர் வந்து இரண்டு விரலைக் காட்டினார். அப்பா எழுந்து போய், புது மோட்டார் போட்ட மெஷினின் சுவிட்சை அணைத்துவிட்டு, இன்றைக்குச் சோடா இல்லை என்று அனுப்பினார். நல்ல உச்சி வெயில் நேரம், சாயங்காலம் வரை திரும்பப் போடவில்லை. வள்ளியாத்தாள் அக்கா என்ன ஏது என்று எட்டிப் பார்த்தார், நானே போய் நான்தான் கெடுத்தேன் என்று சொன்னேன். கடை எடுத்து வைக்கும்போது அப்பா, "தேதி எழுது" என்றார். "ஏப்ரல் பதினேழு அவளுக்குப் பரீட்ச முடியுது. அன்னைக்கு விடுதி கேட்டுல வந்து நிப்பேன்னு எழுது. அவமேல கோவம் இல்லன்னு எழுது" என்றார். அப்படியானால் யார் மேல் என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கு இதற்கு மேல் அவர் என்னோடு பேசவில்லை. அது சரிதான், நான் பொறுத்துக்கொள்வேன்.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று இதில் எழுதமாட்டேன். நான் கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய், உன் குணம் அது. லீவுக்கு வா. அடுத்த வருடம் அங்கேயே படிப்பதா இங்கே வருவதா என்பதை இந்த முறை உன்னிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லப் போகிறேன், வாயால்தான். கடைக்கு வந்தால் மெஷின் பக்கத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நில். என் பக்கத்தில் நிற்பதா இல்லையா என்பது உன் இஷ்டம். மாதேஸ்வரன் உன்னை நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், பரீட்சையில் உனக்குத் தெரிந்த கேள்வியாகவே வரட்டும். தலைக்கு எண்ணெய் வை. அத்தையின் காலுக்குத் தைலம் தேய்த்துவிடு. ஒயர் என்று இனி யாரிடமும் சொல்லாதே, எழுதவும் செய்யாதே.

போன கடிதங்களில் தாய் என்று போட்ட இடத்தில் இந்த முறை அப்படிப் போட எனக்குக் கை வரவில்லை. விடுதியில் தடுத்தால் அத்தை வாங்கி உன்னிடம் கொடுப்பார்கள். என் பெயருக்குக் கீழே இருப்பது அப்பா அவர் கையால் போட்ட கையெழுத்து.

உன் அக்கா,
சோனியா

லிங்கப்பன்